ஹிபினோ வீட்டு ரெங்கே வயல்

தொகுஜி ஹிபினோ போன அக்டோபரில் இறந்தார். வயது எழுபத்து நான்கு. ஜப்பானின் ஹிதா ஆற்றங்கரை மலைப்பாதையில் முப்பத்தோரு வருஷம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் வீட்டுக்கு எதிரே இருந்த முக்கால் ஏக்கர் நெல்வயலில் ரெங்கே விதைத்தார். நடவுக்கு முன் மடக்கி உழுகிற பசுந்தாள் உரம் அது. ஏப்ரல் கடைசியில் வயல் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்துவிடும். முதலில் தேனீக்கள் வந்தன, பிறகு கேமராக்காரர்கள், பிறகு குடும்பம் குடும்பமாக ஆட்கள். வரப்பில் நடக்கக் கூடாதென்று பலகை வைக்கும்படி ஊர்க்காரர்கள் சொன்னார்கள். "பின்ன, பறந்தா வருவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

அவர் கடைசியாக விதைத்ததும் ரெங்கேதான். செப்டம்பர் கடைசியில், அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில், நின்ற நெல்லுக்குள்ளேயே கையால் வீசியிருந்தார். அறுவடை முடிந்த நாலாம் நாள் பல் துலக்கும்போது விழுந்தார்.

ஒரே மகள் கயோ, நகோயாவில் கழிவுநீர்க் குழாய்களைச் சோதிக்கும் பொறியாளர். அவள் வந்து சேர்ந்தபோது அரிதாள்களுக்கு நடுவே நகத்தளவு இலைகள் விட்டிருந்தன. அப்பாவின் சட்டைகளை என்ன செய்வது, வீட்டை என்ன செய்வது, எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. இந்த விதை பூக்கும்வரை பிழைக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமைதோறும் ரயிலேறி வந்தாள். நவம்பர் நடுவில் வயலின் வடமூலையில் தண்ணீர் நின்றது. ரெங்கே பனியைத் தாங்கும். தேங்கிய தண்ணீரைத் தாங்காது. வயலைச் சுற்றி ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு வடிகால் வெட்டினாள். தண்ணீர் வயலின் எல்லைவரை போய் அங்கேயே நின்றது. முக்காலியில் மட்டக்கருவி வைத்துப் பார்த்தாள். சரிவில் குறையில்லை. அடைப்பு வெளியே, பொது வாய்க்காலில் இருந்தது.

வருஷத்துக்கு இரண்டு முறை ஊரே சேர்ந்து தூர்வாரும் வாய்க்கால் அது. இந்த முறையும் வாரியிருந்தார்கள். கீழ்வீட்டு ஃபுமியேயின் நிலத்தை ஒட்டிய இருபது மீட்டர் மட்டும் முழங்கால் அளவு வண்டலோடு அப்படியே கிடந்தது. வேலை நடந்ததே கயோவுக்குத் தெரியாது. வீட்டுக்கு வீடு கைமாறும் அறிவிப்பு அட்டை அவள் வீட்டைத் தாண்டிப் போயிருந்தது. இனி இது ஆளில்லாத வீடு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். போய்க் கேட்கலாம். கேட்டால் அவர்களுக்குத் தொந்தரவு. பிறருக்குத் தொந்தரவாக இருக்காதே என்பதைப் பாலோடு சேர்த்து ஊட்டி வளர்க்கும் ஊர் அது.

மூன்று வாரம் போயிற்று. வடமூலை இலைகள் பழுத்தன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் அழுகியிருந்தது. தண்ணீர் தெற்குப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

டிசம்பர் முதல் சனிக்கிழமை ஃபுமியே வீட்டு வாசலில் போய் நின்றாள். ரயிலில் மனப்பாடம் செய்த பணிவான வாக்கியங்கள் மறந்துபோயின.

"அத்தை, வாய்க்கால் அடைச்சிருக்கு. என்னால ஒண்டியா முடியாது. வர முடியுமா?"

ஃபுமியேவுக்கு எழுபது வயது. நாக்குக்கு இருபது.

"இதைக் கேக்க மூணு வாரமா? நீ முக்காலி வச்சு மட்டம் பாக்குறதை ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருக்கேன். தண்ணி தானா வெக்கப்பட்டு ஓடிரும்னு நெனச்சியா?"

அட்டை தன் வீட்டுக்கு வரவில்லையே என்றாள் கயோ.

"சாவு வீட்டுக்காரியை மண்வெட்டி எடுத்துக்கிட்டு வான்னு எவ கூப்பிடுவா? அந்த இருபது மீட்டர் உங்க வீட்டுப் பங்கு. நீ கேக்காம நாங்க வாரினா, உன்னால ஆகாதுன்னு சொன்ன மாதிரி ஆயிடும். அதான் யாரும் தொடல."

அப்பா தனியாகவே வாரியிருப்பார் என்று நினைத்ததாகக் கயோ சொன்னாள்.

"யாரு, தொகுஜியா? வருஷா வருஷம் நீ நிக்கிற இதே இடத்துல வந்து நிப்பான். 'முதுகு போச்சு, ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வா'ன்னு அதிகாரமா கேப்பான். வெக்கம்னா என்னன்னே தெரியாது அவனுக்கு."

கயோ தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இறுதிச் சடங்கின்போது வராத அழுகை அங்கே வந்தது. ஃபுமியே ரப்பர் பூட்ஸை எடுக்க உள்ளே போனவள், தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஏழு பேர் வந்தார்கள். பக்கத்து வீட்டு குமாஸாகி மட்டக்கருவியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது மண்ணும் அள்ளுமா என்று கேட்டார். மத்தியானம் சோற்றுருண்டையும் முள்ளங்கி ஊறுகாயும். இரண்டு மணி வாக்கில் தண்ணீர் நகர்ந்தது. எல்லோரும் போனபின்னும் வடமூலையில் சேறு வெளியே தெரியும்வரை கயோ வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரலில் மூன்றில் இரண்டு பங்கு பூத்தது. வடமூலை வெறும் மண். ஆட்கள் வந்தார்கள், வரப்பில் நடந்தார்கள். வருஷம் தவறாமல் மனைவியோடு வருபவராம், ஒரு பெரியவர், பூ பார்க்க வரும் வண்டிகளுக்கு வழிகாட்டும் ஹிபினோ எங்கே என்று விசாரித்தார். கயோ சொன்னாள். அவர் வயலைப் பார்த்துக் குனிந்து வணங்கி, வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு, அடுத்த வருஷம் அந்த மூலையும் பூக்குமா என்று கேட்டார்.

"வடிகால் சரியாயிடுச்சு. செப்டம்பர் கடைசியில விதைக்கணும். நான் ஒருத்திதான் இருக்கேன். வர்றீங்களா?"

பெரியவர் திகைத்து மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள்.

"என்ன தேதி? பூட்ஸ் கொண்டு வரணுமா?"