அரை அரைக் கட்டையாக

என் அக்காவின் கணவர் பியானோ வாசித்தார். இப்படி ஒரே வரியில் முடித்துவிட்டால் கோபித்துக்கொள்ள அவர் இப்போது இல்லை. ஜாஸ் குழுவில் பியானோ, விருந்துகளில் நடனப் பாட்டு, சர்க்கஸில் யானை வரும்போது ஒன்று போகும்போது ஒன்று, சோப்பு விளம்பரத்துக்கு அரை நிமிஷ இசை. எதைக் கொடுத்தாலும் அவருக்கு வரும். எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று குழுவுக்கே எழுதிக் கொடுப்பவரும் அவர்தான். கூட வாசித்தவர்கள் அவரைப் பச்சோந்தி என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஊரே மெச்சியது. என்னால் முடியாது. என் அக்காவின் தொண்டையைத் தின்றது அதுதான்.

அக்கா அந்தக் குழுவின் பாடகி. அவர்கள் வாசிக்கும் கூடத்தில் நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் மேடையில் அக்கா பயத்தில் ஒரு வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினாள். மொத்தக் குழுவும் தடுமாறியது. பியானோ மட்டும் அவளோடு சேர்ந்து தாவியது. கீழே இறங்கியதும், "யாருய்யா அது பியானோல?" என்று கேட்டாள். அடுத்த வருஷமே கல்யாணம். அவர் எனக்கு மாமாவானார்.

அக்காவுக்கு இசை நோட்டு படிக்கத் தெரியாது. தொண்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஒரே சோதனைதான். கடைசியாகப் பாடும் பாட்டில் ஓர் உச்சி வரும். அதை எட்டிவிட்டால் தீர்ந்தது கவலை. சளியோ காய்ச்சலோ, எதற்கும் அதே தீர்ப்பு.

"உச்சி வந்துடுச்சில்ல? அப்புறம் என்னடி!"

ஒருநாள் ஒத்திகையில், உச்சிக்கு ஏறும் வழியில் அவள் குரல் லேசாக நடுங்கியது. அவள் கவனிக்கவில்லை. மாமா கவனித்தார். மறுநாள் அந்தப் பாட்டு முழுவதையும் சுருதியில் அரைக் கட்டை இறக்கி எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தார். கை எட்டாதவளுக்காகப் பரணையே தாழ்த்திக் கட்டுவது போல. அவர் பியானோவில் எடுத்துக் கொடுத்தால் அக்கா அதைப் பிடித்துக்கொண்டு பாடுகிறவள். அரைக் கட்டை இறங்கியது அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? உச்சி வந்தது, கைதட்டலும் வந்தது.

சில மாதம் கழித்து இன்னொரு அரை. பிறகு இன்னொன்று. டிரம்பெட்காரர் பின்னால் என்னிடம் சொன்னார். "பச்சோந்தி, இன்னும் இறக்கினா நான் தரையில படுத்துக்கிட்டுதான் ஊதணும்" என்று அவர் கேலி பண்ணினாராம். "ஊதுய்யா, எனக்கு வீட்டுல நிம்மதி வேணும்" என்றாராம் மாமா. குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவள் புருஷனுக்குத் தெரியாததா என்று சும்மா இருந்துவிட்டார்கள், மகானுபாவர்கள்.

அக்காவின் பேச்சே கரகரத்துப் போனது.

"டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வரலாம் வாக்கா."

"நேத்து உச்சியைக் கேட்டியா இல்லையா நீ?"

கேட்டேன்தான். கணீரென்று இருந்தது. மாமா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

துப்பியதில் ரத்தம் வந்த பிறகுதான் மூன்று பேரும் போனோம். டாக்டர் உள்ளே விளக்கை விட்டு வெகுநேரம் பார்த்தார். "குரல் எப்பலேருந்து மாற ஆரம்பிச்சுது?"

"மாறவே இல்லையே டாக்டர். போன சனிக்கிழமைகூட உச்சி வந்துச்சே" என்றாள் அக்கா, அந்தக் கரகரத்த குரலில்.

டாக்டர் எங்களைப் பார்த்தார். மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு வருஷம் இருக்கும் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமா நான்தான் இறக்கிக்கிட்டே வந்தேன்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. தொண்டையில் புற்றுநோய், ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கதிர்வீச்சோடு போயிருக்கும், இப்போது குரல்வளையை எடுத்தால்தான் உயிர் மிஞ்சும் என்றார் டாக்டர்.

படிக்கட்டில் நான் மாமாவின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா பாடுறதை நிறுத்திடுவாளோன்னு பயந்துட்டேன்மா."

"இப்ப மட்டும் பாடப் போறாளாக்கும்!"

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அன்று காலை அக்கா எங்களைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்துத் தரையைக் கழுவியிருந்தார்கள். மாமாவைப் பியானோ முன்னால் உட்கார வைத்தாள்.

"பழைய கட்டைல வாசி. ஏமாத்தாம வாசி."

முதல் வரி எப்படியோ வந்தது. மேலே ஏறும்போது குரல் கிழிந்தது. உடனே மாமாவின் விரல்கள் பாட்டின் நடுவிலேயே கீழே இறங்கி அவளைத் தாங்கப் போயின. வேண்டுமென்று செய்யவில்லை, அது எனக்கே தெரிந்தது. அந்தக் கைகளுக்கு வேறு பழக்கம் இல்லை. அக்கா தன் இரண்டு கைகளையும் அவர் கைகள்மேல் வைத்து அழுத்தினாள்.

"விடுய்யா. விழட்டும்."

மாமா மறுபடி பழைய கட்டையில் தொடங்கினார். கண்ணீர் மோவாயில் சொட்டியது. உச்சி வந்தபோது அக்கா வாயைத் திறந்தாள், கழுத்து நரம்பு புடைத்தது. வெறும் காற்றுதான் வந்தது. பாட்டு முடியும்வரை அப்படியே நின்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எனக்குத் தாங்கவில்லை.

பிறகு அவரிடம் கேட்டாள்: "அப்ப நான் நிஜமா கடைசியாப் பாடினது என்னிக்கு?"

மாமாவுக்குத் தெரியும். இறக்கி எழுதியது அவர் கைதானே. எந்த நாள், கூட்டம் எப்படி, அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்பதுகூடத் தெரிந்திருக்கும். பியானோவின் மூடியைச் சாத்தினார்.

மறுநாள் குரல்வளையை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் அக்கா பல வருஷம் இருந்தாள். மாமா அவளுக்குச் சமைத்துப் போட்டார், மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட துளையைத் துடைத்துவிட்டார், சாயந்திரம் போய் வாசித்துவிட்டு வந்தார். பாடுகிறவர்களின் குரல் கொஞ்சம் தட்டினாலும் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "டாக்டரைப் பாரு" என்று கூட்டத்துக்கு நடுவிலேயே சொல்லிவிடுவார். யார் பொறுப்பார்கள்? ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் ஓர் ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்குத் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். அக்காவின் கேள்விக்கு மட்டும் அவர் சாகும்வரை பதில் சொல்லவில்லை. இன்னொரு தரம் கேட்க அவளிடம் குரல் இல்லை.