விளக்கு வைக்கும் நேரம்

பையோடு குருண் ஊருக்குப் போகும் சாலையில் நடந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. வெட்கம் தாங்காமல் கிளம்பிவிட்டேன்.

ஊர் ஊராக வேலை பார்ப்பவன் நான். அன்று மாலை வரை ஒரு கல்லூரி நூலகத்தில் துப்புரவு வேலை. அந்தி நேரம், மங்கலான சிறு அறையில் ஒரு மாணவி ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கணினி வாசித்த பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"விளக்கு வைக்கிற நேரத்துல இருட்டுல உட்காரலாமா தங்கச்சி?" என்று எல்லா விளக்குகளையும் போட்டேன். அவள் அலறி, கண்ணைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் ஒடுங்கினாள்.

நூலகர் ஓடிவந்து விளக்கை அணைத்தார். "வெளிச்சம் தாங்காதவங்களுக்குத்தான் அண்ணே இந்த ரூம். நாளைக்கு அவளுக்குப் பரீட்சைலா! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை குருணில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். பின்பக்கம் இருட்டில் ஓர் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"லைட்டைப் போடவாக்கா?"

"இதையெல்லாமா கேப்பாங்க? போடுலா!"

அதன் பிறகுதான் போட்டேன்.