வியோரிகா சுவரைப் பார்த்து எழுதிய தேர்வு

க்ளுஷ் நகரின் பிரிட்டிஷ் பள்ளியில் கற்றல் உதவிப் பிரிவு மூன்றாம் மாடியில், இசை அறையை ஒட்டி இருக்கிறது. படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு அமைதி வேண்டும் என்று சொன்னவர்களே அந்த இடத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். நான் அங்கே உதவியாளன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான்தான். கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிவிடுவேன். பக்கத்து மேஜை வியோரிகா முரேஷானுடையது.

வியோரிகாம்மா இங்கே வருவதற்கு முன் நாடக அரங்கில் வேலை பார்த்தவர். மேடைக்கு அடியில் ஒரு பெட்டியில் உட்கார்ந்து, நடிகர்கள் வசனத்தை மறந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊர் மொழியில் அதற்கு ஊதுவது என்று பெயர். வகுப்பில் பக்கத்துப் பெஞ்சுக்கு விடை சொல்லிக் கொடுப்பதற்கும் அதே பெயர்தான். ஊதாதவனை யாரும் பிறந்தநாளுக்குக் கூப்பிட மாட்டார்கள். நாங்கள் எல்லோரும் இனாமாகச் செய்ததை வியோரிகாம்மா சம்பளத்துக்குச் செய்தார், அவ்வளவுதான்.

அரங்கில் ஆள் குறைத்தபோது பள்ளிக்கு வந்தார். இங்கே கிடைத்த வேலை, தேர்வில் ஸ்மராண்டா என்ற பெண் சொல்லச் சொல்ல எழுதுவது. ஸ்மராண்டாவுக்குப் பதினாறு வயது. எழுத்துகள் அவள் கண்முன் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தான் எழுதியதை அவளாலேயே படிக்க முடியாது. வாயால் சொல்லச் சொன்னால் பாடம் தெரியும். ஆனால் புது ஆள் எழுத உட்கார்ந்தால் "அடுத்த கேள்வி" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல மாட்டாள். அப்படி இரண்டு பேரை அனுப்பிவிட்டாள். வியோரிகாம்மாவிடம்தான் பேசினாள். அவள் சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்பது விதி.

பிப்ரவரியில் உயிரியல் மாதிரித் தேர்வு. "ரத்தத்தை வடிகட்டுறது..." என்று ஸ்மராண்டா நிறுத்தினாள். வியோரிகாம்மாவின் உதடு 'சிறுநீரகம்' என்று அசைந்தது. சத்தம் துளியும் இல்லை. அரங்கில் பல வருடப் பழக்கம். அன்று அறையில் கண்காணிப்பாளராக இருந்தவர் பிரிவின் தலைவி மிஸ் ஹாஸ்கெல்.

"வியோரிகா, நிஜத் தேர்வுல இப்படி நடந்தா அந்தப் பொண்ணோட பேப்பரையே ரத்து பண்ணிடுவாங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே மிஸ்."

"உதடு சொல்லிச்சு."

"அது தானா அசையுது. நான் எங்க அசைச்சேன்?"

மே மாத நிஜத் தேர்வுக்குள் உதடு அடங்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று முடிவாயிற்று. வேறு ஆள் என்றால் ஸ்மராண்டா வாய் திறக்க மாட்டாள்; தேற மாட்டாள்; மேல்வகுப்பு கிடையாது. பயிற்சி கொடுக்கும் பொறுப்பைப் பட்டதாரியான என்னிடம் விட்டார்கள். சாப்பாட்டு அறையில் எதிரே உட்கார்ந்து, பாதி வாக்கியத்தில் நிறுத்துவேன்.

"இன்னைக்கு சூப்புல போட்டிருக்கிறது..."

"பீன்ஸ்."

"வியோரிகாம்மா!"

"நீ பாவமா முழிச்சியேப்பா. பாத்துக்கிட்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா?"

"அந்தப் பொண்ணு மறக்கல. யோசிக்கிறா. யோசிக்க விடுங்க."

"எங்க தியேட்டர்லயும் இதே கதைதான். திபேரியுன்னு ஒரு நடிகன், நடுவுல நிறுத்தினான்னு எடுத்துக் கொடுத்தேன். இடைவேளைல வந்து கத்துறான், அது மறதி இல்ல, நடிப்பாம்."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் நிஜமாவே மறந்தான். நடிப்புன்னு நெனச்சு விட்டுட்டேன்."

ஈஸ்டர் விடுமுறை முடிந்தும் முன்னேற்றம் இல்லை. கடைசியில் வழியை அவரே சொன்னார்.

"என் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போடுங்க மிஸ். முகம் தெரிஞ்சாத்தான் எனக்கு ஊத வரும்."

மிஸ் ஹாஸ்கெல் விதிகளைப் புரட்டினார். எழுதுபவர் சுவரைப் பார்க்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

தேர்வன்று கண்காணிப்பாளர் நான். ஸ்மராண்டா உள்ளே வந்ததும் நாற்காலியைப் பார்த்தாள்.

"என்ன ஆன்ட்டி, மூலைல உட்கார வச்சிட்டாங்க? என்ன தப்பு பண்ணீங்க?"

"பேசாம உட்காருடி."

"நான் பேசலைன்னா நீங்க என்னத்தை எழுதுவீங்க?"

முதல் இரண்டு கேள்விகள் ஒழுங்காகப் போயின. மூன்றாவதில், "மனுஷ இதயத்துல மொத்தம்..." என்று நிறுத்தினாள். வியோரிகாம்மாவின் தோள்கள் மெல்ல மேலே போயின. முதுகு ஒருமுறை குலுங்கியது. பக்கத்து அறையில் யாரோ டிரம் அடித்தார்கள்.

"...ஏழு அறை இருக்கு," என்றாள் ஸ்மராண்டா.

வியோரிகாம்மாவின் காது சிவந்துவிட்டது. பேனா நின்றது. எனக்கே 'நாலு' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நானும் இந்த ஊர்க்காரன்தானே. பிறகு பேனா நகரும் சத்தம் கேட்டது.

"எழுதிட்டீங்களா? படிங்க."

"ஏழு," என்றார் வியோரிகாம்மா, சுவரிடம்.

"அதை அடிச்சிடுங்க. நாலுன்னு போடுங்க."

அதன் பிறகு ஸ்மராண்டா நினைத்த இடத்தில் எல்லாம் நிறுத்தினாள், நினைத்த நேரம் யோசித்தாள். முதுகு அசையவில்லை.

வெளியே வந்ததும் வியோரிகாம்மா ஸ்மராண்டாவைப் பிடித்துக்கொண்டார். "அறிவிருக்காடி உனக்கு? விளையாடுற இடமா அது?"

"உங்க முதுகு துடிச்சுது ஆன்ட்டி. ஊதிருவீங்களோன்னு பயத்துல எனக்கு யோசனையே ஓடல. அதான் ஒரு தப்பைச் சொல்லிப் பாத்தேன். அதையே எழுதிட்டீங்க. அப்புறம்தான் எனக்கு நிம்மதி."

"அந்த 'ஏழு'ங்கறதை எழுதுறதுக்குள்ள என் உசுரே போயிடுச்சு."

"உசுரு போனாலும் கையெழுத்து நல்லா இருந்திருக்கும் ஆன்ட்டி."

ஆகஸ்டில் முடிவு வந்தது. ஸ்மராண்டா தேறினாள், இப்போது மேல்வகுப்பில் இருக்கிறாள். வியோரிகாம்மாவின் வேலையும் நிலைத்தது. மிஸ் ஹாஸ்கெல் திங்கட்கிழமைக் கூட்டங்களில் சரியான சொல்லைத் தேடிப் பாதியில் நிறுத்தும் பழக்கம் உள்ளவர். அவர் பேச எழுந்ததும் வியோரிகாம்மா தன் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்.