மரப்பாம்பின் சீட்டு

உலகத்திலேயே அதிகப் பாம்புகளைக் குளிப்பாட்டிய பெண்மணி யார் என்று கேட்டால், கடவுளே எழுந்து நின்று சின்னவளின் அம்மாவைத்தான் கைகாட்டுவார். ஆராய்ச்சிக்கூடத்தின் பின்னறையில் ஆயிரத்து நானூறு ஜாடிகள், ஒவ்வொன்றிலும் கெடாமலிருக்க ஸ்பிரிட்டில் ஊறும் ஒரு செத்த பாம்பு. அத்தனைக்கும் பழைய ஸ்பிரிட்டை வடித்துப் புதுசு ஊற்றுவது அம்மா. எந்தப் பாம்பும் இதுவரை நன்றி சொன்னதில்லை.

கடைசி அலமாரியில் மட்டும் அம்மாவின் கை மெதுவாகும். காய்ந்த கொடி மாதிரி ஒரு மரப்பாம்பு அங்கே இருக்கிறது. மழைக்காட்டில் அந்த இனத்தில் ஒன்றே ஒன்றுதான் இதுவரை கிடைத்திருக்கிறது. பிடித்தவர் அப்பா, காட்டில் வழிகாட்டி வேலை. விஷமில்லாதது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கடிவாயைத் துடைத்துக்கொண்டே, எங்கே, எப்போது பிடித்தது என்று பென்சிலில் சீட்டு எழுதி, நூலால் பாம்பின் உடம்பில் கட்டினார். மறுநாள் மாலை ஆளே இல்லை.

எழுத்து மங்கிவிட்டதே என்று போன மாதம் சின்னவள் அதை ரப்பரால் அழித்து, பேனாவால் பளிச்சென்று எழுதி வைத்தாள். ஸ்பிரிட்டில் பேனா மை நிற்காது. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தந்த அன்று அவள் மதில் ஏறிக் குதித்திருப்பாள். மை கரைந்து சீட்டு இப்போது வெள்ளைவெளேர், ஸ்பிரிட்டில் லேசான நீலம்.

"சீட்டு இல்லேன்னா இது வெறும் செத்த பாம்பும்மா," என்றார் தணிக்கைக்கு வந்த அதிகாரி. "நாளைக்கு எரிக்கக் குடுத்துடுங்க. இத்தனை வருஷம் இருந்துட்டு நீங்களே பேனாவுல எழுதலாமா?"

"தப்புதான் சார்," என்றாள் அம்மா. சின்னவள் அலமாரிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அம்மா வாளி கழுவப் போன நேரம். அப்பா இருந்தபோதே மதிப்பெண் அட்டையில் அவர் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பழகிய கை சின்னவளுடையது. அழித்த அதே வரிகளை அப்பா எழுத்திலேயே பென்சிலில் எழுதி, பழசாகத் தெரிய டீயில் நனைத்து, காயவைத்துக் கட்டியாயிற்று.

காலையில் அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அட, பழைய சீட்டு கிடைச்சிடுச்சா? சரி, இருக்கட்டும்."

அவர் போனதும் அம்மா ஜாடியை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"உங்கப்பா முடிச்சை ரெண்டு தடவை திருப்பிப் போடுவாருடி. இது நீ ஷூவுக்குப் போடறது."

"ஐயோ, எனக்கு என்னம்மா தெரியும்?"

"பேனாவும் நீதான். அன்னைக்கு உன் விரலெல்லாம் மை." அம்மா மூடியைத் திறந்து, நூலை அவிழ்த்து, இரண்டு முறை திருப்பி முடிந்தாள். "அழிக்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு தடவை கூப்பிட்டிருக்கக் கூடாதா? அவரு எழுத்தைக் கடைசியா பாத்திருப்பேன்ல."