எரிக்கக்கூடாத தாள்கள்

இறைவனுடைய திருவுருவத்தை ஆட்டிறைச்சி விலைக்கு மேலே அச்சிட்டு, கடைவாசலில் அடுக்கிவைத்து, வருவோர் போவோர் கையில் இலவசமாகத் திணிக்கும் வழக்கத்தை எவர் தொடங்கிவைத்தாரோ நான் அறியேன். அறிந்தால் அவரிடம் கேட்பதற்கு என்னிடம் கேள்விகள் பல உண்டு. ஐப்பசி பிறந்து, இந்தக் குளிர்தேசத்துக் கர்க்லாண்டில் எங்கள் மகனுடைய வீட்டு இரும்படுப்பை முதன்முதலாக மூட்டும் நாள் நெருங்க நெருங்க, அந்தக் கேள்விகள் எனக்குள் கொதிக்கத் தொடங்கிவிடும்.

இது சமையல் அடுப்பு அன்று. கூடத்தின் மூலையில் நிற்கும், கண்ணாடிக் கதவு பொருத்திய இரும்புப் பெட்டி. வீட்டை விற்றவர்கள் விட்டுப்போனது. வீடு முழுவதும் சுவரோரமாக மின்சார ஹீட்டர்கள் இருக்கும்போது இது எதற்கு என்று மகன் கேட்பான். எதற்கென்றால் அவனுடைய தாய்க்கு. குளிர் தொடங்கியதும் என் மனைவியின் விரல் நுனிகள் இரத்தமெல்லாம் வடிந்தாற்போல் வெளிறி மரத்துப்போகும். அந்த விரல்களால் அவள் பொத்தானைப் பூட்டமாட்டாள்; பூசையறையில் திரியைத் திரிக்கமாட்டாள். கையைச் சூடாக வைத்திருக்கும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஹீட்டரோ சுவரைச் சூடாக்குகிறது. அடுப்பின் முன்னால் அமர்ந்து கையை நீட்டினால்தான் விரல்களில் உயிர் திரும்பும்.

அந்த அடுப்பை முதல்நாள் மூட்டுவது எளிதன்று. அதன் புகைபோக்கி வெளிச்சுவரை ஒட்டி ஏறுகிறது. கோடை முழுவதும் வெறுமனே கிடந்த குழாயில் குளிர்காற்று கனத்து நின்றுவிடும். அதை மேலே தள்ளாமல் விறகை வைத்தால் புகை கீழே இறங்கிக் கூடத்துக்குள் வந்துவிடும். மெல்லிய செய்தித்தாளை நிறையக் கசக்கி அடுக்கி ஒரேயடியாகப் பெருஞ்சுவாலை எழுப்பவேண்டும். மகன் வாங்கிவந்த மெழுகுக் கட்டிகள் அகல்விளக்குப்போல நிதானமாக எரிந்தனவேயன்றிக் குழாயில் நின்ற காற்றை அசைக்கவில்லை. செய்தித்தாளே வேண்டும்.

எங்கள் வீட்டிலுள்ள செய்தித்தாள்கள் எவை? செயின்ட்-மிஷேலில் நாங்கள் மரக்கறி வாங்கும் தமிழ்க் கடையில் ஒவ்வொரு கிழமையும் கொடுக்கும் விளம்பரத் தாள்கள். கால் தவறி ஒரு தாளில் பட்டாலே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவன் நான். அந்தத் தாளில் வேலேந்திய பெருமான் நின்றால்? கலைமகள் வெண்டாமரையில் வீற்றிருந்தால்? ஒரு பக்கத்தில் விளைமீனுக்கும் சுறாவுக்கும் நடுவில் பிள்ளையார். இன்னொரு பக்கத்தில் அம்பலத்தாடும் ஐயன்; தூக்கிய திருவடிக்கு நேர் கீழே 'எலும்புடன்', 'எலும்பில்லாமல்' என்று இரண்டு விலைகள். அந்தத் திருவடியைக் கண்ணாரக் காண்பதற்காக அடியார்கள் ஊரூராய் நடந்து, என்பும் உருகப் பாடினார்கள். அந்தப் பாடல்களை நான் விடியற்காலையில் ஓதுகிறேன். ஓதி முடித்துக் கீழே இறங்கினால் நிலவறைப் படியோரத்தில் அதே திருவடி, எலும்புடன்.

எரிக்கவும் கூடாது, எறியவும் கூடாது. ஆகவே அவை நிலவறையில் மலையாகக் குவிந்தன. சென்ற ஆண்டு, தெய்வப் படம் எதுவும் இல்லாத பிரெஞ்சுப் பேரங்காடிகளின் வழவழப்பான விளம்பரங்களைத் தேடியெடுத்து அடுப்பில் வைத்தேன். அவை சுருண்டன, நாறின, எரியவில்லை. புகை கீழே வந்தது. புகை அலாரத்தின் அலறல் வீட்டை இரண்டாகப் பிளந்தது. எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டோம். வீட்டில் இருந்த சூடும் போயிற்று. அடுத்த வீட்டு அம்மையார் குளியலங்கியோடு வாசலில் வந்து நின்று ஏதோ கேட்க, மகன் 'மெர்சி, மெர்சி' என்று நன்றி சொல்லிச் சொல்லியே அவரைத் திருப்பியனுப்பினான்.

அதை அவன் மறக்கவில்லை. இவ்வாண்டு முதல் உறைபனி புல்லில் வெளுத்த அன்று காலையிலேயே தொடங்கினான்.

"அப்பா, இந்தமுறையும் அலாரம் அடிச்சுதெண்டால் ஆளைக் கூப்பிட்டு அந்தக் குழாயை அடைச்சுப்போடுவன். பேந்து என்னோடை கதைக்கவேண்டாம்."

"அடை. கொம்மாவின்ரை கையை நீயே பிடிச்சுச் சூடாக்கிக்கொண்டிரு."

"கீழை மலைமாதிரிப் பேப்பர் கிடக்கு. அதை எரியுங்கோவன்."

"அதிலை ஆர் இருக்கிறார் எண்டு பார்த்தனியே?"

"பார்த்தனான். ஆடு இருக்கு."

பெற்ற பிள்ளையின் கண்ணுக்கு ஆடு தெரிகிறது, ஆண்டவர் தெரியவில்லை. குற்றம் அவனுடையது மட்டுமன்று. இரண்டையும் ஒரே தாளில் நிறுத்தியவனுடையதும் என்று நினைத்தேன். சனிக்கிழமை மனைவியோடு மரக்கறி வாங்கப் போனபோது, கந்தசட்டி வாழ்த்தோடு வந்திருந்த தாள் ஒன்றைக் கசங்காமல் எடுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் நெற்றி நிறையத் திருநீறோடு வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். தாளை அவர் முன்னால் விரித்தேன்.

"இதை அடிப்பிச்சது நீங்கள்தானே?"

"ஓம் ஐயா. வடிவாய் வந்திருக்கு, என்ன? கலர் திறம்."

"ஆட்டிறைச்சிக்கு மேலை முருகப்பெருமானை நிப்பாட்ட உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேலைதானே ஐயா போட்டனான். கீழையே போட்டனான்?"

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். என் குரல் உயர்ந்திருக்கவேண்டும். மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். கடைக்காரர் தராசை விட்டு அருகில் வந்து, நம்பிக்கையானவரிடம் தொழில் இரகசியம் சொல்வதுபோலச் சொன்னார்:

"உண்மையைச் சொல்லுறன், கோவியாதேங்கோ. வெறும் விலையைப் போட்டால் சனம் வாசல்லையே எறிஞ்சுபோட்டுப் போகும். சாமி இருந்தால் ஒருத்தரும் எறியாயினம். வீட்டிலை கிடக்கும். கிடந்தால் விலை கண்ணிலை படும். பொய்யெண்டால் சொல்லுங்கோ, உங்கடை வீட்டிலை எவ்வளவு கிடக்கு?"

நான் வாய் திறக்குமுன் என் மனைவி சொன்னாள்: "நிலவறை நிறையக் கிடக்கு, தம்பி."

அறியாமையால் செய்தார்கள் என்றல்லவா இத்தனை காலமும் எண்ணியிருந்தேன்! அறியாமை அன்று, கணக்கு. என் தாயும் தந்தையும் எனக்குப் பழக்கிய பணிவை ஒருவர் எடைபோட்டு, அதைத் தம்முடைய இறைச்சி விலைக்குக் கூலியில்லாத காவற்காரனாக அமர்த்தியிருக்கிறார். அவர் விரித்த வலையில் நான் வாரந்தவறாமல் விழுந்து, வலையையும் மடித்துப் பத்திரமாக அடுக்கிவைத்திருக்கிறேன். நெற்றியில் திருநீறு வேறு!

மறுநாள் பிற்பகல் நிலவறையிலிருந்து கத்தரிக்கோல் ஓசை கேட்டது. இறங்கிப் பார்த்தேன். மனைவி தாள்களை மடியில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன செய்யிறீர்?"

"சாமியை வெளியிலை எடுக்கிறன். ஆடு எரியட்டும்."

"திருவுருவத்திலை கத்தரிக்கோல் போடுறதோ?"

"சுத்தித்தான் வெட்டுறன். ஒரு விரலிலைகூடப் படேல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பாருங்கோ."

பார்த்தேன். குறை சொல்ல இடமில்லாமல்தான் வெட்டியிருந்தாள். அதனால் கோபம் இன்னும் ஏறிற்று. ஒரு தாளின் பின்பக்கத்தில் நினைவஞ்சலி விளம்பரங்கள் இருந்தன. வட்டத்துக்குள் ஒரு முகம். நாங்கள் லாசாலில் குடியிருந்தபோது மேல்மாடியில் இருந்தவர்.

"இவரையும் நெருப்பிலை போடப்போறீரோ? தெரிஞ்ச மனிசன்."

"அவரை ஒருக்கா எரிச்சதுதானே. நீங்களும் போய்த் தேவாரம் படிச்சனீங்கள்."

படியேறத் திரும்பினேன். கத்தரிக்கோல் நிலத்தில் விழும் ஓசை கேட்டது. எடுப்பாள் என்று நின்றேன். அவள் குனிந்தாள், எடுத்தாள், மீண்டும் விழுந்தது. நிலவறைக் குளிரில் அவளுடைய விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் பெருவிரல் நுழையவில்லை. மற்றக் கையால் அதைப் பிடித்து உள்ளே தள்ளிப் பார்த்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நான் போய்க் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அருகில் அமர்ந்தேன்.

மனம் மாறி வெட்டினேன் என்று எவரும் எண்ணவேண்டாம். சினத்தோடுதான் வெட்டினேன். ஐந்தெழுத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு, வேலின் நுனியையும் மயிலின் தோகையையும் வளைத்து வளைத்து வெட்டினேன். ஒவ்வொரு தாளுக்கும் அந்தக் கடைக்காரரை ஒருமுறை திட்டினேன். இரண்டையும் ஒரே வாயால் செய்தது முறையன்று என்பது எனக்குத் தெரியும். மனைவி கைகளைக் கம்பளிப் போர்வைக்குள் புதைத்துக்கொண்டு, "காதை வெட்டிப்போடாதேங்கோ, பிள்ளையாருக்குக் காது பெரிசு" என்று மேற்பார்வை பார்த்தாள். வெட்டியெடுத்த திருவுருவங்களைப் பட்டுத்துணியில் சுற்றிப் பூசையறைத் தட்டில் வைத்தேன். எஞ்சியவற்றை அடுப்புக்குக் கொண்டுபோனேன்.

ஆட்டுத்தொடை, விளைமீன், இறால், அரிசி மூட்டை எல்லாவற்றையும் கசக்கி அடுக்கினேன். பூசைவிளக்கில் பற்றவைத்த கற்பூரத்தைத் தட்டில் ஏந்திவந்து அடுப்புக்குள் வைத்தேன். மகன் அலாரத்தின் கீழே துவாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான், விசிறுவதற்கு. தாள்கள் ஒருசேரப் பற்றின. முதலில் புகை கதவின் விளிம்பால் எட்டிப் பார்த்தது. மகன் துவாயை உயர்த்தினான். அடுத்த கணம் குழாய் பெருமூச்சு விடுவதுபோல் இரைந்தது. புகையும் சுவாலையும் ஒன்றாக மேலே இழுபட்டன. விறகை வைத்துக் கதவை மூடினேன். அலாரம் வாய் திறக்கவில்லை. மகன் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, குழாயை அடைப்பது பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் மேலே போனான்.

மனைவி கண்ணாடிக்கு முன் கைகளை நீட்டினாள். பெருவிரலில் முதலில் சிவப்பு ஏறிற்று. பிறகு மற்ற விரல்களில். சுண்டுவிரல் கடைசிவரை பிடிவாதமாக வெளிறிக் கிடந்தது. அதைத் தனியாகத் தேய்த்துக்கொண்டாள்.

"இனி அந்தக் கடை வாசல் மிதியன்" என்றேன்.

"நல்ல கதை. பங்குனி வரைக்கும் மூட்டவேணும், கீழை கிடக்கிறது போதாது. பேப்பர் ஆர் கொண்டுவாறது?"

அடுத்த சனிக்கிழமை போனேன். வாசலில் புதிய தாள்கள் அடுக்கியிருந்தன. முன்னதிலும் பெரிய முருகன், முன்னதிலும் பெரிய ஆடு. கை கொள்ளுமளவு எடுத்துக் கக்கத்தில் இடுக்கினேன். கடைக்காரர் தராசடியிலிருந்து மகிழ்ச்சியோடு தலையாட்டினார். நான் அவரைப் பார்க்கவில்லை.