இரண்டு முடிச்சு பாக்கி

முப்பது வயதைத் தாண்டும்வரை ஜீவராணியின் முகம் அடையாள அட்டைக்கு மட்டும்தான் பயன்பட்டது. திடீரென்று ஒருநாள் அதே முகம் டிவிடி அட்டையில் ஏறி, ஹட்டன் பஜாரில் ஒரு செருப்புக் கடைக்குப் பக்கத்தில் தொங்கியது. அட்டையில் அவளோடு கதாநாயகன் யோகேஸ்வரன். இரண்டு பேரையும்விடப் பெரிதாக நடுவில் ஒரு சேவல். படத்தின் பெயர் ‘சேவல் தூது’. நாயகனின் சேவல் தினமும் நாயகி குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்கு ஓடிவிடும், அதைத் தேடிக்கொண்டு நாயகன் வருவான், அவ்வளவுதான் கதை. சேவலுக்குத்தான் நடிப்பு நன்றாக வந்திருக்கிறது என்று ஊரே சொன்னது. ஜீவராணிக்கும் அதே எண்ணம்தான்.

படத்தை எடுத்தவன் தனுஷன். ஜீவராணி கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்தவன், ஹட்டனில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவில் வேலை. முதலாளியிடம் கமராவை இரவல் வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தான். நடிகர்களுக்குச் சம்பளம் பணிஸ் ரொட்டியும் பிளேன்டீயும். இணையத்தில் விட்டிருக்கலாம், ஆனால் தோட்டத்தில் சிக்னல் பிடிக்க மலை உச்சிக்கு ஏற வேண்டும், அட்டைப்பூச்சி கடிக்கக் கடிக்க யார் காதல் படம் பார்ப்பார்கள்? லயத்துக்கு லயம் டிவிடி பிளேயர் சும்மாதானே கிடக்கிறது என்று டிஸ்க்காகவே போட்டுவிட்டான்.

அதில் ஒன்று எப்படியோ ஹட்டன் பஸ்காரரின் கைக்குப் போயிற்று. கோவாவும் மற்ற மரக்கறியும் வாங்கிக்கொண்டு ஏறிய ஜீவராணி, டிரைவர் தலைக்கு மேலிருந்த டிவியில் தானே சேவலைத் துரத்துவதைக் கண்டாள். முந்தானையால் முகத்தை மூடினாள். பக்கத்து சீட் அம்மா விலக்கிப் பார்த்தார்.

“நீங்கதானே அந்தச் சேவல் பொண்ணு? அந்தப் பையனையே கட்டிக்கங்க. பொருத்தம் நல்லா இருக்கு.”

இறங்குகிற இடம் தாண்டிப் போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை. கோவாப் பையைத் தோளில் வைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

சிரிப்பு வீட்டு வாசலோடு சரி. அங்கே அண்ணன் காத்திருந்தார். உடப்புசல்லாவையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்திருந்தது. நல்ல இடம், குறை சொல்ல ஒன்றுமில்லை. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

“ஞாயித்துக்கிழம லெட்சுமியக்கா வீட்டுல படம் போடுறாங்கண்ணே. பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள் ஜீவராணி.

படத்துக்கும் மாப்பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று அண்ணனுக்கு விளங்கவில்லை. நமக்கு விளங்க வேண்டுமானால் யோகேஸ்வரனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குக் கட்டி லொறியில் ஏற்றுகிறவன் அவன். அவன் போட்ட முடிச்சு, எத்தனை வளைவில் லொறி குலுங்கினாலும் பெக்டரி வாசல்வரை அவிழாது. வாய்தான் அதைவிட இறுக்கம். ஜீவராணி வருஷக்கணக்காக அவன் முன்னால் கூடையைக் கொட்டியிருக்கிறாள். “இன்னைக்குக் கொழுந்து நல்லா இருக்கு” என்பதற்கு மேல் அவன் பேசியதில்லை. படம் எடுத்த நாட்களில்தான் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. சும்மா இல்லை, நன்றாகவே பிடித்துப்போயிற்று.

கெடுத்தது தாலி கட்டும் காட்சி. தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னான் தனுஷன். யோகேஸ்வரன் பின்னால் நின்று மஞ்சள் கயிற்றை முடிந்தான். அவிழ்ந்தது. மறுபடி முடிந்தான், மறுபடியும் அவிழ்ந்தது. தனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டான். விளையாட்டுக்குக்கூட என் கழுத்தில் கட்ட இவனுக்கு மனசு வரவில்லையே என்று ஜீவராணியின் மூடிய கண்ணில் நீர் கட்டியது. ஒருவழியாகக் கடைசியில் முடிச்சு நின்றது, அவள் நிமிர்ந்தாள். அன்றிலிருந்து அவன் கொழுந்தைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை. பஸ்ஸில் அந்தக் காட்சி வரவில்லை; கட்டும்போது அவன் முகம் எப்படி இருந்தது என்பதைப் பார்க்கத்தான் அவள் படத்துக்காகக் காத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் லெட்சுமி வீட்டில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். லெட்சுமி யோகேஸ்வரனின் அக்கா, கொழுந்து மலையில் ஜீவராணிக்குப் பக்கத்து நிறையில், அடுத்த செடி வரிசையில், பறிக்கிறவள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யோகேஸ்வரன் உள்ளே வராமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். சேவல் வந்தபோதெல்லாம் கைதட்டல் கூரையைத் தூக்கியது. தாலி கட்டும் காட்சியும் வந்தது. திரையில் அவளுடைய குனிந்த தலை, இரண்டு கைகள், ஒரு முடிச்சு. அவன் முகத்தைக் காணவே இல்லை.

“ஒரு முடிச்சுதானா? மத்த ரெண்டும் நாத்தனால்ல போடணும்? என்னையக் கூப்பிட்டிருக்கலாம்ல” என்றாள் லெட்சுமி.

“நீங்க அன்னைக்கு வேலைக்குப் போயிட்டீங்கக்கா. படத்துக்கு ஒண்ணு போதும்” என்றான் தனுஷன்.

படம் முடிந்தது. ஜீவராணி எழுந்து, அண்ணன் பக்கமாகக் குனிந்தாள்.

“அண்ணே, உடப்புசல்லாவைக்குச் சரின்னு...”

“உக்காருங்கக்கா, இன்னும் இருக்கு” என்றான் தனுஷன். “பெரிய படங்கள்ல எல்லாம் கடைசியில பிழையா எடுத்தத போடுவாங்க. நானும் போட்டிருக்கேன்.”

முதலில் சேவல் தனுஷனைக் கொத்தியது. பிறகு ஜீவராணி வாய்க்காலில் விழுந்தாள். அடுத்து அதே தாலி, ஆனால் இந்த முறை பக்கவாட்டிலிருந்து. யோகேஸ்வரன் கயிற்றைக் கச்சிதமாக முடிந்தான். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, பெருவிரலால் மெல்ல நெம்பி அவிழ்த்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. “கட்” என்று தனுஷன் கத்தியதும் அப்பாவிபோல் முகத்தை மாற்றிக்கொண்டான். மறுபடி கட்டினான், மறுபடி பெருவிரல், மறுபடி அந்தச் சிரிப்பு.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு லெட்சுமி எழுந்தாள்.

“ஏன்டா தம்பி, நீ கட்டுன சாக்கு பெக்டரி வரைக்கும் அவிழாது. இது மட்டும் எப்பிடிடா அவிழுது?”

யோகேஸ்வரன் ஓட நினைத்தான், வாசலிலும் கூட்டம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அவிழ்ந்தாத்தானே இன்னொரு தடவ கட்டலாம்.”

கூட்டம் விசிலடித்த விசிலில் முற்றத்தில் இருந்த நிஜச் சேவல் கூரை மேலே ஏறிவிட்டது. ஜீவராணிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கத் தெரியவில்லை.

“அப்புறம் ஏன் பேசாம போனீங்க?” என்று கேட்டாள்.

“ஒங்க கண்ணுல தண்ணி நின்னிச்சு. புடிக்கலன்னு நெனச்சேன்.”

அண்ணன் உடப்புசல்லாவை நம்பரைத் தேடி ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். மலை உச்சி வரைக்கும் ஏற வேண்டுமே என்று முணுமுணுத்தாலும், முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

ஜீவராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு லெட்சுமியின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, கடைசியாப் போட்ட முடிச்ச அவிழ்க்கவே முடியல. தலை வழியாத்தான் கழட்டுனேன். கயிறு எங்க ட்ரங்குப் பெட்டியில அப்பிடியே இருக்கு. மிச்ச ரெண்டையும் எப்ப போடுவீங்க?”