வைக்கோல் வைத்த பார்சல்

கவுன்ட்டருக்கு எந்தப் பார்சல் வந்தாலும் முதலில் அதன் விலாவை அமுக்கி, உள்ளே சரசரவென்று கேட்கிறதா என்று காது கொடுக்கிறேன். தராசெல்லாம் அப்புறம்தான். புதிதாக வேலைக்கு வந்த பெண் இதைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் தபால் எழுத்தராக இருந்தபோது உபதேசியார் எனக்குப் பழக்கம். போதகர் வராத ஞாயிறுகளில் சபையில் ஜெபம் நடத்துவார். மற்ற நாளெல்லாம் நடவு, அறுப்பு என்று வயலில் கிடப்பார். ஆஸ்திரேலியாவில் ஒரு சபையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்க பைபிள் கதைப் புத்தகமே இல்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. வீடு வீடாகப் போய் நோவாவின் பேழை, காணாமல்போன ஆடு என்று படம் போட்ட புத்தகங்களைச் சேர்த்தார். கிழிந்ததை ஊசிநூலால் தைத்தார். கொடுத்த பிள்ளைகள் முதல் பக்கத்தில் தங்கள் பெயரை எழுதியிருந்தார்கள்.

அவர் தபாலாபீசுக்குக் கொண்டுவந்த பெட்டியைத் தூக்கினால் உள்ளே புத்தகங்கள் ஆடின. "முனை மடங்கிப்போயிடும் ஐயா. எங்க வீட்டு வைக்கல் தர்றேன், இடுக்குல அடைச்சுட்டு வாங்க" என்றேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. ஒரு நல்ல காரியத்தில் என் கையும் இருக்கட்டுமே என்ற ஆசைதான். அவர் சிரித்தார். "பாலன் இயேசுவே வைக்கல்லதாம்மா படுத்தாரு. புஸ்தகமும் படுக்கட்டும்."

வைக்கோல், விதை எதையும் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியது என் வேலை. சில மாதம் கழித்து அறிவிப்பு வந்தது: உள்ளே வைக்கோல் இருந்ததால் பார்சல் அழிக்கப்பட்டது. அதை அவருக்குக் கொடுக்காமல் மேசைக்குள் போட்டேன். நாளைக்குச் சொல்லலாம், திங்கட்கிழமை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவர் வாரம் தவறாமல் வந்து, "போய்ச் சேந்துச்சாம்மா?" என்பார். "கடல் வழிங்க, நாளாகும்" என்பேன். ஒரே பொய்யை வாராவாரம் சொல்வதைப் போல் அலுப்பு வேறில்லை.

பிறகு ஒரு வாரம் அவர் கேட்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்று விடலாம் என்று பேசிவிட்டுப் போனார். அதன்பிறகு கேட்கவே இல்லை. வயதாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று நிம்மதி அடைந்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. அடுத்த வருடம் எனக்குத் தஞ்சாவூருக்கு மாற்றல் வந்தது.

போன வாரம் இந்தக் கவுன்ட்டருக்கு ஒரு பெண் பார்சல் கொண்டுவந்தாள். அதே ஆஸ்திரேலிய விலாசம். அனுப்புநர் இடத்தில் உபதேசியாரின் பெயர். "அனுப்புறவரு வரலையாம்மா?" என்றேன்.

"அப்பா தை மாசம் தவறிட்டாங்க. அவங்க சேத்து வெச்ச புஸ்தகங்க."

என் கை தானாகப் பார்சலை அமுக்கியது. சத்தமே இல்லை, மெத்தென்றிருந்தது.

"உள்ள அப்பாவோட பழைய வேட்டிங்க," என்றாள். "மொதப் பொட்டியில வைக்கல் வெச்சதால அழிச்சுட்டாங்கன்னு அந்தச் சபையிலேருந்து அப்பவே லெட்டர் போட்டிருந்தாங்க. எங்க ஊரு தபாலாபீஸ் அம்மா ஆசையாக் குடுத்த வைக்கலாம். 'அவங்களுக்குத் தெரிய வேணாம், மனசு ஒடிஞ்சிடுவாங்க'ன்னு அப்பா எங்களை வாயே தொறக்க விடல. இப்ப அந்தம்மா எங்க இருக்காங்களோ."

பார்சல்மேல் வைத்த கையை எடுக்க முடியவில்லை.

"நான்தாம்மா அது," என்றேன். "எனக்கும் அப்பவே தெரியும்."